அம்முலு இருக்கிற வரைக்கும்

மார்ச் 3, ஞாயிறு

கம்பெனியில் கொடுத்த டைரி இரண்டு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. வீட்டுக்கு மூன்று கோழிகள் வந்திருப்பதால் இன்று எடுத்தேன். பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு பேட்சுக்கும் தினசரி அட்டை எழுதிப் பழகிய கை. கோழி என்றால் எழுத வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிடுகிறது.

நேற்று பெதப்பம்பட்டி பக்கம் ஒரு பண்ணையில் கோழி பிடிப்பு. நாற்பத்திரண்டு நாள் முடிந்த பிராய்லர்களை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஷெட்டைச் சுற்றி வந்தேன். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மூன்று கிடந்தன. பண்ணைக்காரர் கோணிப்பையில் போட்டு, "சூப்பர்வைசர் சார், வீட்டுக்குக் கொண்டுபோங்க, கொழம்பு வெச்சுக்கலாம்" என்று கொடுத்தார்.

கோகிலா சமையலறை வாசலில் நின்று பைக்குள் பார்த்தாள். ஒன்றின் கால் பக்கவாட்டில் விரிந்து கிடந்தது.

"இது ஏனுங்க எந்திரிக்க மாட்டேங்குது?"

உடம்பு வளர்ந்த வேகத்துக்கு எலும்பு பலப்படவில்லை என்று சொன்னேன். தரையில் உட்கார்ந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுகள அறுக்க வேண்டாமுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த முப்பது நாளில் அவளாக வாய் திறந்து என்னிடம் பேசியது இதுதான். சரி என்றேன்.

மார்ச் 4, திங்கள்

வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கிறது. சிமெண்டுத் தரை. வெறும் தரையில் விட்டால் பாதம் புண்ணாகும். இரண்டு மூட்டை தேங்காய் நார்த்தூள் வாங்கி வந்து நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன்.

அதற்குள் கோகிலா பெயர் வைத்துவிட்டாள். சேவல், துரை. தீவனத் தட்டை முதலில் வந்து மறித்துக்கொள்கிறவன். கால் வராத பெட்டை, அம்முலு. மூன்றிலும் சின்னது பொடுசு. அதற்கு இடது கண்ணில் சளி ஒட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொன்னேன். பண்ணை அட்டையாக இருந்தால் எண்தான் போட்டிருப்பேன்.

மார்ச் 7, வியாழன்

கால் வராத கோழிக்குப் பண்ணையில் ஒரே ஒரு வைத்தியம்தான். கழுத்தைப் பிடித்து ஒரு திருகு. அதை இங்கே செய்ய முடியாது. பழைய துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, துண்டை இரண்டு நாற்காலிக்கு நடுவில் தொட்டி மாதிரி கட்டி, அம்முலுவை அதில் உட்கார வைத்தேன். கால் இரண்டும் ஓட்டை வழியாக இறங்கித் தரையை லேசாகத் தொடும். உடம்பின் பாரம் காலில் விழாது. கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலை மடக்கி நீட்டுகிறாள். காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. வாய்விட்டு எண்ணுகிறாள். வீட்டில் குரல் கேட்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரங்கநாயகியக்கா மதில் மேல் கை ஊன்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொறந்த பையன் போயி ரெண்டு மாசங்கூட ஆகல. கறிக்கோழிய மடில வெச்சுக் கொஞ்சிட்டிருக்கறா. யாராவது சொல்லோணுமில்ல." நான் இருமினேன். அக்கா உள்ளே போய்விட்டது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பொடுசின் கண் திறந்துவிட்டது.

மார்ச் 16, சனி

தீவனத்தால் சின்னச் சண்டை. கம்பெனித் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கம்பும் கீரையும் அளந்து, காலையும் மாலையும் மட்டும் போடச் சொல்லியிருந்தேன். துரை பசியில் கத்துகிறான் என்று மத்தியானமும் போட்டிருக்கிறாள்.

"இதுக்குப் பசி அடங்கவே அடங்காது கோகிலா. அப்பிடித்தான் இந்த ஜாதிய உண்டு பண்ணிருக்காங்க. போட்டுட்டே இருந்தா தின்னுட்டே இருக்கும்."

"வயிறு காஞ்சு கத்தறத எப்பிடிங்க பாத்துட்டு இருக்கறது?"

"எடை ஏறுனா கால் தாங்காது."

அதோடு நிறுத்திக்கொண்டேன். கால் மட்டும்தான் தாங்காது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 21, வியாழன்

துரைக்கு இரண்டு பாதத்திலும் கறுப்பாகப் பொருக்கு. வெந்நீரில் ஊறவைத்து, பொருக்கை எடுத்து, மருந்து வைத்துத் துணியால் கட்டினோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் கட்டினேன். அவள் கை என் கை மேல் பட்டது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. கட்டி முடிக்கும் வரைக்கும் அப்படியே இருந்தது.

மார்ச் 25, திங்கள்

அம்முலு நின்றாள். ஐந்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். கோகிலா சிரித்தாள்.

மார்ச் 31, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. சாய்ப்பின் மேல் தென்னங்கீற்று போட்டு, பக்கவாட்டில் நனைத்த சாக்கு கட்டினேன். தாராபுரத்திலிருந்து மாமியார் போன் பண்ணினார். கொஞ்ச நாள் அங்கே வந்து இரு என்று கூப்பிடுகிறார். "இதுகள யாரும்மா பாத்துக்குவாங்க" என்று கோகிலா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், பனியன் கம்பெனி வேன் இப்போதும் நம் தெரு முனைக்கு வருகிறதா என்று கேட்டாள். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அந்த வேலையை விட்டவள். வருகிறது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டதே போதும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது துரை மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் மேலே நீட்டியபடி. இதயம் நின்றிருக்கிறது. வேகமாக வளர்கிற சேவல்களுக்கு வருவதுதான். கோகிலா எழுவதற்குள் உரச்சாக்கில் போட்டு வண்டியில் வைத்தேன். அவன் கிடந்த இடத்தில் நார்த்தூளைக் கிளறிச் சமன் செய்தேன். முதல் பண்ணைக்குப் போனதும் செத்த கோழிக் குழியில் போட்டுவிட்டு, அன்றைய அட்டையைப் பார்க்க உள்ளே போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தொர எங்கீங்க?"

"செத்துப்போயிட்டான். காலைல எடுத்துட்டுப் போயிட்டேன்."

"எங்கிட்டக் காட்டாமயா?"

"பாத்தா நீ சங்கடப்படுவேனுதான்."

"அவனையும் அப்பிடித்தான் கொண்டுபோனீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து உள்ளே போய் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 3, புதன்

கோகிலா பேசவில்லை. அம்முலுவுக்கு இருபது தடவை எண்ணுவதும் மனதுக்குள்தான்.

ஏப்ரல் 6, சனி

துரையைப் போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வண்டியில் கூட்டிப்போனேன். ஷெட்டுக்குப் பின்னால், வேலியோரம், சிமெண்டு வளையம் இறக்கிய குழி. மேலே இரும்பு மூடி. பக்கத்தில் போனாலே நாற்றம். அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடவில்லை. நின்று மூடியைப் பார்த்தாள்.

"அவனையும் இப்பிடித்தானுங்களா?"

"இல்ல கோகிலா. அது முறையாப் பண்ணுனோம்."

"ஆரெல்லாம் இருந்தீங்க?"

வெயிலாகிறது என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. வீட்டில் விசேஷம் ஒன்றும் வைக்கவில்லை. ரங்கநாயகியக்கா பாயசம் கொடுத்தனுப்பியது.

அம்முலு நான்கு நாளாக வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். கொண்டை நீலம் பூத்திருக்கிறது. வயிற்றில் கை வைத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளும்புகிறது. இது என்னவென்று எனக்குத் தெரியும். வெயிலுக்கு இருக்கும் என்று கோகிலாவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நான் வெயில் என்றதை அவள் நம்பவில்லை. அட்டைப்பெட்டியில் துணி விரித்து அம்முலுவை வைத்துக்கொண்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று வாசலில் நின்றாள். ஆடும் மாடும் நிற்கிற வரிசையில் நாங்கள் ஒரு பிராய்லர் கோழியோடு நின்றோம். சிலர் சிரித்தார்கள். டாக்டர் நஸ்ரின் சிரிக்கவில்லை. சின்ன வயது. அம்முலுவைத் திருப்பி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு நீரை எடுத்தார். வைக்கோல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. ஒரு டம்ளர் நிறைய. எடுக்க எடுக்க அம்முலுவின் மூச்சு இறங்கியது.

"என்ன வயசும்மா இதுக்கு?"

"எம்பத்தேழு நாளுங்க டாக்டர்" என்றாள் கோகிலா. எனக்குத் தெரியாமல் அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கறிக்கோழி இத்தன நாள் வந்ததே நீங்க பாத்துக்கிட்டதாலதான். உடம்பு வளந்த அளவுக்கு இதோட இதயம் வளரல. ரத்தத்தத் தள்ள முடியாம வயித்துல நீர் கோத்துக்குது. மாத்திர தர்றேன். மறுபடி நீர் சேரும், மறுபடி எடுக்கலாம்."

"எப்பங்க சரியாகும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "சார் கோழிக் கம்பெனிலதான இருக்காரு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

ஏப்ரல் 17, புதன்

நேற்று ஆஸ்பத்திரிக்குப் பிறகு நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியை இறக்கி வைத்து, அம்முலுவைத் துண்டில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கோணிப்பைல போடறப்பவே."

"என்ற பையனையும் அப்பிடித்தான் தெரிஞ்சு வெச்சிருந்தீங்களா?"

அவன் எங்கள் இரண்டு பேருக்கும் பையன். அவள் என்ற பையன் என்று சொன்னதைத் திருத்த எனக்கு யோக்கியதை இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி மாதம் அவளுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்தது. கோயமுத்தூரில் ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவள் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். குழந்தையைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து, "நீங்க அப்பாவா? கையக் கழுவிட்டு கவுன் போட்டுட்டு உள்ள வாங்க, தொட்டுப் பாக்கலாம்" என்றார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஹேச்சரியிலிருந்து பெட்டி பெட்டியாகக் குஞ்சு வந்து இறங்கும்போது, இது தேறாது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். பதினோரு வருடப் பழக்கம். தேறாத குஞ்சின் பக்கத்தில் நிற்க மாட்டோம். அடுத்த பெட்டிக்குப் போய்விடுவோம். அந்தக் கண்ணோடுதான் அவனைப் பார்த்தேன். அப்புறம் வருகிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். இரண்டு நாளில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் போகவில்லை. மாத்திரை வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும் என்று ஏதோ ஒன்று சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மாநகராட்சி மயானத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிறவர் கேட் வரைக்கும் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். "நீங்க உள்ள வரலீங்களா?" என்று கேட்டார். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். துணியை விலக்கிப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் வைத்தார் என்று தெரியாது. முறையாகப் பண்ணினோம் என்று மாமியாரிடமும் என் அண்ணனிடமும் இவளிடமும் சொன்னது பொய்.

கோகிலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்முலுவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் கண்ணு முழிச்சதும் ஆரு மாதிரி இருந்தான்னு கேட்டேன்" என்றாள். "உன்ன மாதிரினு சொன்னீங்க."

ஏப்ரல் 18, வியாழன்

வேலை முடிந்து வந்தபோது அறையில் அவள் பை எடுத்துவைத்து ஜிப் போட்டிருந்தது. தாராபுரம் போகப் போவதாகச் சொன்னாள். எப்போது என்று கேட்டேன்.

"இப்ப இல்ல. இவளை இப்பிடி விட்டுட்டுப் போக முடியாது. அம்முலு இருக்கிற வரைக்கும் இருப்பேன்."

ஏப்ரல் 20, சனி

நீர் பிரிகிற மாத்திரையை நான்காகக் கிள்ளி, ஒரு துண்டைப் பொடித்து, கம்பங்கூழில் உருட்டி, காலை ஆறு, மாலை ஆறு. தண்ணீரில் துளி வெல்லம். பின்பக்கம் ஈரமாகி ஒட்டிக்கொள்வதால் தினமும் வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈ மொய்க்கும். கழுவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கோழியை எண்ணி அட்டையில் எழுதியிருப்பேன். ஒன்றைக்கூட இப்படிக் கழுவியதில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

இரண்டாம் தடவை நீர் எடுத்தோம். முதல் தடவைக்கு ஏழு நாள் தாங்கியது. வேறு ஏதாவது மருந்து இருக்கிறதா, திருப்பூரில், நாமக்கல்லில், எங்கேயாவது, என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவர் மாத்திரைச் சீட்டில் எழுதிக்கொண்டே, "இதுக்கு வலி இல்லாமப் பாத்துக்கங்க சார். அதுதான் இனி வைத்தியம்" என்றார்.

இத்தனை பாடும் அம்முலுவுக்காகவா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

இன்று ஒரு பிடி கம்பு தின்றாள். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

மூன்றாம் தடவை. ஆறு நாள்தான். அனலில் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. நானும் கோகிலாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அட்டையால் விசிறினோம். பொடுசும் வந்து காற்றில் நின்றுகொண்டது. அது சிறிதாகவே இருப்பதால் நன்றாக நடக்கிறது. பண்ணையாக இருந்தால், வளர்ச்சியில்லை என்று முதல் வாரமே கழித்திருப்போம்.

கோகிலா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தண்ணி எடுங்க. துண்டப் பிடிங்க. அந்தப் பை அதே இடத்தில் இருக்கிறது. துணி எடுக்க அறைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மே 4, சனி

நான்காம் தடவை. ஐந்து நாள்.

மே 8, புதன்

மத்தியானம் பூலாங்கிணறு பக்கம் ஒரு பண்ணையில் குஞ்சு இறக்கிக்கொண்டிருந்தோம். கோகிலா போன் பண்ணினாள். "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டிகளைப் பண்ணைக்காரரிடமே விட்டுவிட்டு வந்தேன். முடிந்திருக்கும் என்று நினைத்துத்தான் வண்டியை ஓட்டினேன். ஒரு இடத்தில், மெதுவாகவே போகலாம் என்றுகூடத் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

முடிந்திருக்கவில்லை. அவள் மடியில் அம்முலு கழுத்தை நீட்டி வாய் திறந்து கிடந்தாள். கண் என் பக்கம் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அம்முலுவின் காலைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது. இருபது தடவை மடக்கி நீட்டிய அதே கால். மூச்சு விட்டு விட்டு வந்தது. நான்கு மணி சுமாருக்கு இறக்கையை இரண்டு தடவை அடித்தாள். அப்புறம் இல்லை.

நூற்றொன்பது நாள்.

கோகிலா அப்போதுதான் அழுதாள். ஜனவரியிலிருந்து அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. ரங்கநாயகியக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அழுகை ஓய்ந்த பிறகு நான் முருங்கை மரத்துக்குக் கீழே குழி வெட்டினேன். அவளே அம்முலுவைக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, இறங்கி வைத்தாள். முதல் பிடி மண்ணை என்னைப் போடச் சொன்னாள். வெட்டிப் போட்ட மண்ணில் பொடுசு புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் விரட்டவில்லை.

மே 9, வியாழன்

பை இன்னும் அறையில்தான் இருக்கிறது. எப்போது போகிறாய் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவளாகச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் போகோணும். அவன் இருக்கிற எடத்த நான் பாக்கோணும்."

"எடம் எனக்குத் தெரியாதே கோகிலா."

"கேட்டுக் கண்டுபிடிக்கலாம்."

மே 12, ஞாயிறு

காலை ஆறரை பஸ். பையையும் எடுத்துக்கொண்டாள். பொடுசுக்குத் தீவனம் வைத்துவிட்டு, சாவியை ரங்கநாயகியக்காவிடம் கொடுத்தோம்.

மயானத்து கேட் முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கி, காசு கொடுத்துக்கொண்டே நின்றேன். கோகிலா முன்னால் போனாள். அதே ஆள்தான். பெயர் செபாஸ்டியன் என்று சொன்னார். அறுபது வயது இருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. ஜனவரி இருபத்தாறு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தை, ஏழு மாதத்துக் குழந்தை என்று சொன்னேன். கிழக்குச் சுவரோரம் கூட்டிப்போனார். புல் முளைத்த மேட்டு நிலம். ஒரு பேர் இல்லை, ஒரு கல் இல்லை.

"கொழந்தைங்களையெல்லாம் இந்தப் பக்கந்தாம்மா வெக்கறது. ஜனவரி மாசத்துது இந்தப் புங்க மரத்துல இருந்து அந்தக் கொழாய் வரைக்கும்."

"இதுல என்ற பையன் எதுங்கய்யா?"

"தெரியாதும்மா. ஏதோ ஒண்ணக் காட்டி இதுதான்னு சொல்லிருவேன், நீங்களும் நம்பிட்டுப் போயிருவீங்க. அப்பிடிச் சொல்லக் கூடாது."

கோகிலா அந்த மரத்திலிருந்து குழாய் வரைக்கும் பார்த்தாள். எட்டு, பத்து தப்படி தூரம். "அவன ஆருமே பாக்கலீங்கய்யா" என்றாள். "நான் மயக்கத்துல கெடந்தேன். இவுரு துணிய வெலக்கல."

நான் தலை குனிந்து நின்றேன்.

"நான் பாத்திருப்பேம்மா" என்றார் அவர். "மூஞ்சி பாக்காம ஒருத்தரயும் நான் உள்ள வெச்சதில்ல. துணிய வெலக்கிப் பாத்து, வாய்ல ரெண்டு சொட்டுப் பால் விட்டுத்தான் மூடுவேன். ஆருமில்லாம வர்ற கொழந்தைக்கும் அப்பிடித்தான். ஞாபகம் இல்ல, ஆனாப் பாத்திருப்பேன்."

அவள் அவரைக் கும்பிட்டாள். பிறகு அந்த மண்ணில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று ஏறும் வரைக்கும் இருந்தோம். அவள் முழு நீளத்துக்கும் நடந்து, மரத்தடியிலிருந்து குழாய் வரைக்கும் ஒவ்வொரு இடமாகக் குனிந்து தொட்டுக்கொண்டே போனாள். எது தன்னுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் தொட்டாள்.

உடுமலை வந்து இறங்கியபோது தாராபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

"பொடுசுக்கு ஒரு பிடிக்கு மேல போட்டுறாதீங்க. கத்தும். போட்டுறாதீங்க" என்றாள் ஜன்னல் வழியாக.

"எப்ப வருவே?"

"தெரியலீங்க."

பஸ் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மே 15, புதன்

நார்த்தூள் மாற்றினேன். பொடுசுக்கு வலது பாதத்தில் சின்னப் பொருக்கு. தனியாளாக ஒரு கையால் பிடித்து ஒரு கையால் கட்ட வரவில்லை. ரங்கநாயகியக்கா வந்து பிடித்துக்கொடுத்தது. "கோகிலா நல்லா இருக்கறாளா?" என்று கேட்டது. இருக்கிறாள் என்றேன். எனக்கும் தெரியாது.

மே 19, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணிக்கு கோகிலாவிடமிருந்து போன். ஏழு நாளில் முதல் தடவை.

பொடுசு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பாதத்துப் புண், கட்டு, தீவனம், எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று அவள் சொன்னாள். அதோடு போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க."

"சொல்லு."

"உள்ளதான் போகல. கண்ணாடி வழியாப் பாத்தீங்கல்ல."

"பாத்தேன்."

"என்ன பாத்தீங்களோ அதச் சொல்லுங்க. என்ன மாதிரி, உங்கள மாதிரினு எல்லாம் வேண்டாம். பாத்தத மட்டும் சொல்லுங்க."

பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். தலையில் நீலக் கலர் உல்லன் குல்லா போட்டிருந்தார்கள். அவனுக்கு அது பெரிது. இறங்கி இறங்கி ஒரு கண்ணை மூடிவிட்டது. நர்ஸ் வந்து வந்து ஏற்றிவிட்டார். குல்லாவுக்கு வெளியே காதோரம் முடி தெரிந்தது, கறுப்பாக, ஈரமாக. மூக்கில் குழாய் ஒட்டியிருந்தார்கள். நெஞ்சு எலும்பு ஏறி இறங்கியது. தோல் நல்ல சிவப்பு. ஒரு கை மூடியிருந்தது, கட்டை விரல் உள்ளே இருந்தது. ஒரு தடவை இடது காலை உதைத்தான். சின்ன உதை இல்லை, நன்றாகவே உதைத்தான். மேலே போட்டிருந்த துணி விலகிவிட்டது. நர்ஸ் சிரித்தார். அவ்வளவுதான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"எந்தக் காலுனு சொன்னீங்க?"

"எடது."

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

குல்லாவிலிருந்து ஆரம்பித்தேன்.